மூன்றாவது வேட்புமனு

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி வரைக்கும் சாய்-யுன்னுக்கு அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

கீலுங்கில் மழை பெய்துகொண்டிருந்தது. பெய்யாவிட்டால்தான் அந்தத் துறைமுக ஊரில் செய்தி. தொகுதி அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடைகள் நகர்ந்துகொண்டிருந்தன. உள்ளே, மேஜையில் அன்றைக்கு அனுப்ப வேண்டிய கடிதங்கள்: ஏழு கல்யாணம், மூன்று சாவு, கடைத்தெருவில் ஒரு திறப்பு விழா.

இருபத்தெட்டு வருஷமாக இதே மேஜை. கணவர் ஜியென் வென்-தாங் மூன்று முறை எம்.பி. ஆனபோதும், நான்காவது முறை தோற்றபோதும், பிறகு கட்சியின் துணைத் தலைவரானபோதும் இந்த மேஜை மட்டும் இடம் மாறவில்லை. அவர் போக முடியாத கல்யாணங்களுக்கு அவள் போவாள். அவர் அழ வேண்டிய சாவுகளில் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கைப்பைக்குள் மூன்றாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. அதைப் பற்றி வென்-தாங்குக்குத் தெரியாது.

பெங்ஹூ தீவில் ஒரு சமுதாயக் கல்லூரி. மீன் பதப்படுத்தும் பெண்களும் ஓய்வுபெற்ற கப்பல்காரர்களும் சாயங்காலங்களில் வந்து படிக்கிற இடம். அதற்கு இயக்குநராக வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் எம்.ஏ. முடித்து, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்து, 'பல் வைத்தியரிடம் போகிறேன்' என்று விமானம் ஏறி நேர்முகத் தேர்வுக்கும் போய்வந்தது வீணாகவில்லை. பதில் சொல்ல இன்று மாலை கடைசி.

கணவரிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குக் கட்சித் தலைமைத் தேர்தலுக்கு வேட்புமனு முடிகிறது. அதற்கு முன்னால் சொன்னால், 'பெண்டாட்டிக்காக விட்டுக்கொடுத்தார்' என்று ஆகிவிடும். அவரே, அவராகவே, கொடுத்த வாக்கைக் காப்பாற்றட்டும். ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

வாக்கு கொடுத்தது மூன்று மாதம் முன்பு. பொதுநலக் கட்சி தேர்தலில் மண்ணைக் கவ்வியதும், தலைவர் காமிராக்களுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு ராஜினாமா செய்தார். புதுத் தலைவரை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வரை ஓர் இடைக்காலத் தலைவர் வேண்டும். கட்சியில் ஒரு வழக்கம் உண்டு: இடைக்காலமாக வருகிறவர் நிரந்தரத்துக்குப் போட்டியிட மாட்டார். பந்தயத்தை நடத்துகிறவரே அதில் ஓடினால் நன்றாகவா இருக்கும்? ஆகவே பதவி ஆசை இருந்த யாரும் அந்த நாற்காலியைத் தொடவில்லை. ஆசையே இல்லாத ஓர் ஆளைத் தேடி நிர்வாகக் குழுவின் இருபத்தாறு தலைகளும் திரும்பியபோது, இருபத்தேழாவது ஆளான வென்-தாங் தன் தேநீரை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார். தன்னைத் தேர்ந்தெடுத்தது பாராட்டா, திட்டா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“நாலு மாசம்தான், சாய்-யுன். புதுத் தலைவர் வந்த மறுநாள் நான் உன் ஆளு. நீ எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் வர்றேன்” என்று அன்றைக்குக் காலுறை மாட்டிக்கொண்டே சொன்னார். அவள் அதை மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்.

“சாய்-யுன்! ஏய், சாய்-யுன்! டிவியைப் பாருடி!”

பின்கட்டிலிருந்து லோ அக்கா ஓடி வந்தாள். அலுவலகத்துக்குத் தேநீர் போடவும் ஊர் வம்பு கொண்டுவரவும் பதினைந்து வருஷமாகச் சம்பளமில்லாமல் வருகிறவள். கையில் பாதி தோல் சீவிய இஞ்சி.

டிவியில் சிவப்பு எழுத்துகள் ஓடின. பழைய மேயர் ஹூ ஒரு வேட்புமனுப் படிவம் வாங்கியிருக்கிறார். எம்.பி. கோங் அம்மாள் ஒன்று வாங்கியிருக்கிறார். இது எல்லாருக்கும் தெரிந்தது. இப்போது யாரும் எதிர்பாராமல் மூன்றாவதாக ஒருவர். மழைக்கோட்டும் முகக்கவசமும் அணிந்த ஓர் ஆள் வந்து, ஜியென் வென்-தாங்கின் முத்திரை பதித்த அதிகாரக் கடிதத்தைக் கொடுத்து, அவர் பெயரில் படிவம் வாங்கி, அதைத் தலைவர் அறையில் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இடைக்காலத் தலைவர் வழக்கத்தை உடைக்கிறாரா என்று செய்தி வாசிக்கிற பெண் மூன்று தடவை கேட்டாள்.

சாய்-யுன் உள் அறைக்குப் போனாள். அலமாரியின் மேல் இழுப்பறையைத் திறந்தாள். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற, எருமைக்கொம்பில் செதுக்கிய அந்தச் சின்ன முத்திரை பட்டுப் பையில் இருந்த இடத்திலேயே இருந்தது. வென்-தாங்குக்கு ஒரே முத்திரைதான். அது எப்போதும் இங்கேதான் இருக்கும். சாவி அவளிடம்.

ஆனால் புதன்கிழமை மதியம் அவர் வந்தார். சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் தனியாக இருந்தார்.

“என்னடி தேடறே?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஆம்பளைங்க வாக்கு நம்ம ஊரு வெயில் மாதிரிடி. துணியைக் காயப்போடலாம்னு வெளிய வர்றதுக்குள்ள போயிடும்” என்றாள் லோ அக்கா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இந்தா, தேநீரைக் குடி. இஞ்சி நிறைய போட்டிருக்கேன்” என்றாள்.

வென்-தாங்கின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை அவருடைய உதவியாளர் பெண் எடுத்தாள்.

“அம்மா, நிர்வாகக் குழு அவசரக் கூட்டம். எல்லார் போனையும் கூடையில வாங்கி வச்சிட்டோம். உங்க பேரைப் பார்த்ததால எடுத்தேன்.”

“அந்தக் கடிதத்தை அவர் பார்த்தாரா?”

“பார்த்தாரும்மா. ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துட்டே இருந்தார். ‘இது என் முத்திரைதான்’னார். அப்புறம், நான் நின்னா எனக்குப் பதிலா இடைக்காலப் பொறுப்பை யார் ஏத்துக்குவாங்கன்னு கேட்டார்.”

“யார் ஏத்துக்குறாங்களாம்?”

“பொருளாளர் ஐயாவை எழுப்பிக் கேட்டிருக்காங்க.”

பொருளாளருக்கு எண்பத்தொரு வயது.

“அம்மா, நீங்க நாலு மணிக்குள்ள முத்திரையோட தைபேய் தலைமையகத்துக்கு வந்துடணும். மனுவுல ஆறு இடத்துல குத்தணும். நீங்க பக்கத்துல நின்னா படத்துக்கும் நல்லா இருக்கும்.”

“வர்றேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஒன்றரை மணிக்கு, அந்த மேஜையிலேயே உட்கார்ந்து, கைபேசியில் பெங்ஹூவுக்கு எழுதினாள். குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தங்கள் அழைப்பை ஏற்க இயலவில்லை. மன்னிக்கவும். நான்கு வரிதான். எழுத இருபது நிமிஷம் ஆயிற்று. ஒரு கட்சித் தலைவரின் மனைவி தீவில் போய்க் கல்லூரி நடத்த முடியாது. இந்த மேஜை இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, பட்டுப் பையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அதைத் துறைமுகத்துல வீசிடு. முத்திரை இல்லாம எப்படி நிப்பான்னு பார்ப்போம்” என்றாள் லோ அக்கா.

“அவருக்குத்தான் வேணும்னா, நான் யாருக்கா தடுக்க?”

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் முகத்தைச் சுளித்தாவது சரி என்றிருப்பாள். மூன்று மாதத்தில் அவர் நன்றாகத்தான் நடத்தினார். ஒரே அறையில் உட்கார மறுத்த ஹூவையும் கோங்கையும் ஒரே தட்டில் பழம் எடுத்துச் சாப்பிட வைத்தார். அவரே நிற்கட்டும் என்று சிலர் சொன்னதும் அவள் காதில் விழுந்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் இழுப்பறையைத் திறந்தாரே, அதுதான் உறுத்தியது. போன மாதம் பல் வைத்தியர் கதை சொன்ன தனக்கு அதைக் கேட்கிற யோக்கியதை உண்டா என்றும் உறுத்தியது.

கட்சித் தலைமையகத்தின் வாசலில் குடைகளும் காமிராக்களும் மொய்த்தன. “தலைவர் சம்சாரம் வந்துட்டாங்க!” என்று யாரோ கத்தினார்கள். உதவியாளர் பெண் அவளைப் பின் லிஃப்டில் ஏற்றி, மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

மணி நான்கு அடித்து ஐந்து நிமிஷம்.

வென்-தாங் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டை தளர்ந்திருந்தது. பல் பிடுங்கப் போகிற ஆள் மாதிரி முகம்.

“கொண்டுவந்தியா?”

“கொண்டுவந்தேன்.”

பட்டுப் பையை மேஜையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“சாய்-யுன், நல்லா யோசிச்சுட்டியா?”

“நான் யோசிக்க என்ன இருக்கு?”

“இல்ல, நாலு வருஷம். வீட்டுக்கு வர்றதே சந்தேகம். உனக்கு இன்னும் வேலை அதிகமாகும். அதையெல்லாம் பார்த்துட்டுத்தானே முடிவெடுத்தே?”

“நான் முடிவெடுத்தேனா?”

“பின்னே?”

“என்ன பின்னே? எடுத்தது நீங்க. இழுப்பறையைத் திறந்தது நீங்க. புதன்கிழமை கதவைச் சாத்திக்கிட்டு அரைமணி நேரம் என்ன பண்ணீங்க?”

வென்-தாங்கின் காது சிவந்தது. “தூங்கினேன்.”

“என்னது?”

“தூங்கினேன், சாய்-யுன். இந்த மூணு மாசத்துல யாரும் என்னைத் தேடாத ஒரே இடம் அந்த அறைதான். சாவியை வாங்கி உள்பக்கமா பூட்டிக்கிட்டு, உன் நாற்காலியில காலை நீட்டித் தூங்கினேன். இடைக்காலத் தலைவர் தூங்கப் போறார்னு வெளிய சொல்ல முடியுமா?”

அவள் அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்போ அந்தக் கடிதம்?”

“நீ குத்தினதுன்னு நினைச்சேன். முத்திரை உங்கிட்ட, சாவி உங்கிட்ட. வேற யார் குத்துவா?”

“நான் ஏன் குத்தறேன்? மூணு மாசமா நாள்காட்டியில ஒவ்வொரு கட்டமா அடிச்சுட்டு வர்றவ நான்!”

“எனக்கெப்படித் தெரியும்? உனக்கு ஆசை இருக்கும்போல, வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்பட்டு இப்படி ஒரு வழி பண்ணியிருக்கேன்னு நினைச்சேன்” என்றார். குரல் தணிந்தது. “இருபத்தெட்டு வருஷம் எனக்காக ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போயிருக்கே. ஒரு நாளும் எதுவும் கேட்டதில்ல. முதல் தடவையா ஒண்ணு கேக்கறே. அதை எப்படி முடியாதுன்னு சொல்றது? சரி, நின்னுதான் பார்ப்போம்னு பொருளாளரை எழுப்பச் சொன்னேன்.”

சாய்-யுன்னுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, எதைத் துடைப்பது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் புறங்கையால் துடைத்தாள்.

“மனுஷா! ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன?”

“கூடையில போட்டுட்டாங்களே.”

“எங்கே அந்தக் கடிதம்? காட்டுங்க.”

கோப்பில் அதன் வண்ண நகல் இருந்தது. தட்டச்சு செய்த நான்கு வரி. கீழே வலது மூலையில் முத்திரை, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து. அந்தச் சாய்வு அவளுடைய கைச்சாய்வு. சந்தேகமே இல்லை, குத்தியது அவள்தான். அவள் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அடியில், மயிரிழை போலச் சாம்பல் நிறக் கோட்டில் ஒரு தாமரை.

“ஐயோ” என்றாள். “இது துக்கத் தாள்.”

“என்ன தாள்?”

நல்ல நாள் வந்துவிட்டால் ஒரே நாளில் நாற்பது கல்யாணம் வரும். குளிர் கூடினால் அதே கணக்கில் சாவு வரும். ஒவ்வொரு கடிதத்துக்கும் அப்போதப்போது முத்திரை தேடிக்கொண்டிருந்தால் நடக்காது. அதனால் ஞாயிறுதோறும் வெற்றுத் தாள்களில் வரிசையாகக் குத்தி அடுக்கி வைத்துவிடுவாள். கல்யாணத்துக்கு ரோஜா நிறம். இரங்கலுக்கு வெள்ளை, அடியில் சாம்பல் தாமரை. பெயரையும் நாலு வரியையும் அச்சடித்து எடுத்துப் போகவேண்டியதுதான் பாக்கி.

“உங்களை வேட்பாளர் ஆக்கச் சொல்லி இரங்கல் தாள்ல விண்ணப்பம் போட்டிருக்காங்க” என்றாள் சாய்-யுன். “நேத்து நுவான்-நுவான் பேட்டையில ஒரு சாவு. தாள் எடுத்துட்டுப் போனது உங்க தம்பி.”

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். கீழே கூட்டத்தின் முன்வரிசையில், மஞ்சள் மழைக்கோட்டில், ‘ஜியென் நிற்கட்டும்’ என்ற தட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தம்பி அ-சுங் குதித்துக்கொண்டிருந்தான்.

ஐந்து நிமிஷத்தில் அவன் அறைக்குள் சொட்டச் சொட்ட நின்றான். வென்-தாங்கைவிடப் பத்து வயது சின்னவன். கீலுங் மீன் ஏலக்கூடத்துக்கு ஐஸ் ஏற்றுகிறவன். அண்ணியைப் பார்த்ததும் முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் கசக்கினான்.

“அண்ணி, கோபப்படாதீங்க. நல்லதுக்குத்தான்...”

“அ-சுங், துக்கத் தாள்ல எழுதியிருக்கேடா.”

அவன் நகலைப் பார்த்தான். தாமரையைப் பார்த்தான். “கண்ணாடி போடலை அண்ணி” என்றான் மெதுவாக.

“இது பொய்க் கையெழுத்து போடறதுக்குச் சமம். உள்ள தள்ளிடுவாங்க. தெரியுமா உனக்கு?” வென்-தாங் குரலை உயர்த்திச் சாய்-யுன் கேட்டதே இல்லை. இப்போது உயர்த்தினார். “யாருடா உன்னைக் கேட்டா?”

“யாரும் கேக்கல! கேக்கமாட்டீங்க, அதான் நானே பண்ணேன்!” அ-சுங்கும் கத்தினான். “ஏலக்கூடத்துல என்ன சொல்றானுங்க தெரியுமா? ‘உங்கண்ணன் நாற்காலியைச் சூடு பண்ணி வைக்கிறவரு, உக்கார்றது வேற ஆளு’ங்கிறான். அன்னிக்கு அப்பா போனதும் படிப்பை நிறுத்திட்டு என்னைப் படிக்க வச்சீங்க. நான் படிக்கல, அது வேற. தோத்ததுக்கு அடுத்த தேர்தல்ல எம்.பி. சீட்டையும் எவனோ கேட்டான்னு விட்டுக்கொடுத்தீங்க. எப்பவும் அடுத்தவன் வர்ற வரைக்கும்தானா அண்ணே? ஒரே ஒரு தடவை உங்க பேரு சுவத்துல நிலையா இருக்கட்டும்னு பார்த்தேன்.”

மழைக்கோட்டிலிருந்து நீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

வென்-தாங் தன் கைக்குட்டையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

“தலையைத் துவட்டு. இங்கே பாரு. இந்த மூணு மாசம் நான் நல்லா நடத்தினேன்னு சொல்றாங்க இல்ல, எதனால தெரியுமா? எனக்கு எதுவும் வேண்டாம். அதனாலதான். ஹூ தன் பக்கத்து ஆளுங்க பட்டியலை எங்கிட்ட தர்றார். கோங் தன்னோடதைத் தர்றா. ரெண்டையும் ஒரே இழுப்பறையில வைக்கச் சொல்றாங்க. அந்த மேஜைக்கு நானே போட்டி போட்டா, நாளைக்குக் காலையில யார் வந்து அதுல ஒரு தாளை வைப்பா? ஓட்டை யார் எண்ணுவா? எண்ணினா யார் நம்புவா?” பெருமூச்சு விட்டார். “எவனோ வர்ற வரைக்கும் காத்திருக்கிறது சின்ன வேலை இல்லடா. அதைச் சண்டையில்லாம செய்ய இந்தக் கட்சியில ஒரு ஆளு கிடைக்கறது கஷ்டம்.”

“இவ்வளவு தெரிஞ்சும் நிக்கப் போனீங்களே?” என்றாள் சாய்-யுன்.

“நீ கேட்டேன்னு நினைச்சேனே.”

அ-சுங் கைக்குட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

மணி நான்கு முப்பத்தெட்டு. தேர்தல் குழுவின் தலைவி பான் அம்மாள் ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டாம் மாடியில் கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் படியிறங்கினார்கள். படிக்கட்டில் சாய்-யுன் கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவன் பேரைச் சொல்லப் போறீங்களா?”

“கேட்டா பொய் சொல்ல முடியாது.”

“அப்போ என் பேரை முதல்ல சொல்லுங்க. வெத்துத் தாள்ல குத்தி வச்சது நான்.”

காமிராக்கள் சூழ, வென்-தாங் படிவத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பான் அம்மாளின் முன் வைத்துத் தலை குனிந்தார்.

“இந்தப் படிவத்தை நான் கேக்கல. என் மனைவி எங்க அலுவலகத்துல வெறுந்தாள்ல முத்திரை குத்தி வைக்கிற வழக்கம் இருந்தது. இன்னிலேர்ந்து இல்ல. அந்தத் தாளைப் பாசத்துல எடுத்து நிரப்பினது என் தம்பி. தப்பு எங்க மூணு பேரோடதும். நான் நிக்கல. ஓட்டு எண்ணி முடியற வரைக்கும் இடைக்காலத் தலைவர்தான்.”

“கடிதத்தைப் பாசத்துல எடுத்தாரு சரி” என்றாள் பான் அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அ-சுங்கைப் பார்த்து. “திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழுத்து மூலமா விளக்கத்தோட இங்க இருக்கணும். நல்ல தாள்ல எழுதிட்டு வாங்க.”

சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. ‘பயன்படுத்தப்படவில்லை’ என்று எழுதி நேரம் போட்டாள்: 4:46.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஹூ வந்தார். எண்பது கிலோ உடம்பும் தளர்ந்துபோனது தெரிந்தது. “ஜியென், என் ரத்த அழுத்த மாத்திரை ரெண்டு தின்னுட்டேன்யா” என்று வென்-தாங்கின் தோளைத் தட்டினார். கோங் அம்மாள் சாய்-யுன்னின் ஈரமான குடையைத் தானே வாங்கி மடித்துக் கொடுத்தாள். மேல் மாடியில் பொருளாளருக்கு யாரும் இன்னும் தகவல் சொல்லவில்லை. அவர் ஏற்புரை எழுதிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி ஆனதும் பான் அம்மாள் கதவைச் சாத்தினாள். வேட்பாளர்கள் இரண்டு பேர்.

நிலையத்துக்குப் போகிற சந்தில் ஒரு நூடுல்ஸ் கடை. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். அ-சுங் ஐஸ் வண்டிக்கு நேரமாகிறது என்று, நாலு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருந்தான். வென்-தாங் மீன் உருண்டை சூப்பை ஒரே மூச்சில் பாதி குடித்தார். மூன்று மாதத்தில் அவர் ருசித்துச் சாப்பிட்டு அவள் பார்த்தது இன்றுதான். அவளுக்கும் பசித்தது. காலையிலிருந்து இஞ்சித் தேநீர் மட்டும்தான் என்று அப்போதுதான் நினைவு வந்தது.

“என்ன லேசா இருக்கு, சாய்-யுன்! இன்னும் அஞ்சு வாரம். அப்புறம் எங்கே போகலாம் சொல்லு.”

அவள் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். கைப்பையைத் திறந்து, மூன்றாக மடித்த கடிதத்தை அவர் முன்னால் தள்ளினாள்.

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“பல் வைத்தியர்?”

“பல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“இயக்குநரா! நீயா!” முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. “பதில் இன்னிக்குன்னு போட்டிருக்கே. என்ன எழுதினே?”

“ஒன்றரை மணிக்கு, முடியாதுன்னு எழுதிட்டேன்.”

“ஏன்?”

“நீங்க தலைவராகப் போறீங்கன்னு நினைச்சேனே.”

வென்-தாங் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மேஜையில் கிடந்த அவளுடைய கைபேசியை எடுத்து அவள் கையில் திணித்தார். “கூப்பிடு. இப்பவே.”

மூன்றாவது மணியில் கல்லூரியின் செயலாளர் எடுத்தார். சாய்-யுன் நடந்ததைச் சொன்னாள். டிவியில் பார்த்ததாக அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தொண்டையைச் செருமினார்.

“அம்மா, உங்க பதில் வந்ததும் மூணு மணிக்குக் குழு கூடிடுச்சு. புதுசா விளம்பரம் கொடுத்துத் தேடறதுன்னு தீர்மானம் எழுதியாச்சு. அதை மாத்த முடியாது. ஆனா ஒண்ணு. வகுப்பு முதல் தேதி ஆரம்பம். அதுவரைக்கும் ஆள் வேணும். நீங்க ஆறு மாசத்துக்கு இடைக்கால இயக்குநரா வர்றீங்களா?”

“இடைக்காலமா?”

எதிரில் வென்-தாங்கின் புருவம் உயர்ந்தது.

“ஆமாம்மா. ஆனா எங்க விதிப்படி, இடைக்காலமா இருக்கிறவங்க நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இல்ல, இடைக்காலம் வேண்டாம், புதுசா விண்ணப்பிக்கிறேன்னு சொன்னாலும் சரி. இந்தத் தடவை எத்தனை பேர் வருவாங்கன்னுதான் தெரியல.”

கையில் கிடைப்பது ஆறு மாதம். அல்லது வரிசையில் மறுபடி நிற்பது. வகுப்பு முதல் தேதி என்றால் இன்னும் மூன்று வாரம். வென்-தாங்குக்கு இன்னும் ஐந்து வாரம் பாக்கி. சாய்-யுன் கணவரைப் பார்த்தாள். ஒரு சாடை, ஒரு தலையசைப்பு கிடைக்கும் என்று பார்த்தாள். அவர் வேண்டுமென்றே கிண்ணத்துக்குள் குனிந்து மீன் உருண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் பதிலை யாரும் அவளுக்காக நிரப்பி வைத்திருக்கவில்லை.

“திங்கட்கிழமை சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வென்-தாங் நிமிர்ந்தார். “என்ன சொல்லப் போறே?”

“கட்சித் தலைவர்கிட்டல்லாம் அதைச் சொல்ல முடியாது” என்றாள் சாய்-யுன். கடைக்காரரைப் பார்த்து இன்னொரு கிண்ணம் கேட்டாள். “அவருக்கு இல்லைங்க. எனக்கு.”